தலைக்கு எத்தனை அலங்காரம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றனர் நம் முன்னோர். உடம்புக்குச் சொன்ன இந்த உண்மை வீட்டுக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும், கடிதத்துக்கும் பொருந்தும். வீட்டுக்குத் தலைவாசல், கடைக்குப் பெயர்ப்பலகை, கடிதத்துக்கு மேலே அச்சிட்ட பெயரும் முகவரியும். கைபேசி இல்லாத வீடில்லை என்றாகிவிட்ட இக்காலத்தில் இணையதளத்துக்கும் ஒரு தலை உண்டு. அதனை 'ஹெடர்' என்கிறோம். தமிழில் தலைப்பகுதி எனலாம். ஓர் இணையதளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே தோன்றும் பட்டை அது. நிறுவனத்தின் பெயர், சின்னம், உட்பக்கங்களுக்கு வழிகாட்டும் மெனு, மொழி மாற்றும் பொத்தான் ஆகியவை அங்கேதான் இருக்கும்.

இந்தத் தலையைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் துறை மன்றத்துக்கென ஓர் இணையதளம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு இவ்வாண்டு எழுந்தது. தேர்வு அறிவிப்பு, உதவித்தொகைக்கான கடைசி நாள், முன்னாள் மாணவர் தொடர்பு முதலியன அதில் இடம்பெற வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபட்ட கருத்தில்லை. ஆனால் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எளிய தலை போதும் என்றது ஒரு கட்சி. விருப்பம்போல் மாற்றியமைக்கத்தக்க தலை வேண்டும் என்றது மறு கட்சி. வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. என் கட்சியை இந்த ஆண்டு மலரின் வாயிலாக முன்வைக்கிறேன்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். எளிய தலை என்பது முன்கூட்டியே தைத்து வைத்த சட்டை போன்றது. பெயரை எழுது, சின்னத்தை வை, மெனுவில் நான்கைந்து சொற்களை நிரப்பு, வேலை முடிந்தது. மாற்றியமைக்கத்தக்க தலை என்பது துணியையும் கத்தரியையும் நம் கையில் கொடுத்துவிடுவது. நிறம், உயரம், எழுத்துரு, பின்னணிப் படம், நழுவும் படங்கள், இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா, பக்கத்துக்குப் பக்கம் வேறு தலையா, எல்லாம் நம் விருப்பம்.

இந்த வசதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் இணையப் பக்கத்தின் தலையில் படமும் இல்லை, நிறமும் இல்லை; 'வேர்ல்டு வைடு வெப்' என்ற சொற்கள் மட்டுமே இருந்தன. 2003-ல் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் தோன்றியது. நிரல் எழுதத் தெரியாதவரும் இணையதளம் அமைக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 2010-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்போடு சேர்ந்து வந்த வார்ப்பில் தலைப்படத்தை நாமே மாற்றிக்கொள்ள முடிந்தது. 2014-ல் நிறைவு பெற்ற எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பில் 'ஹெடர்' என்றே ஒரு தனிக் குறி ஏற்பட்டது. 2022 சனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலோ, தலையைக் கட்டை கட்டையாகப் பிரித்து, விரும்பியவாறு அடுக்கிக் கட்டும் வசதியே வந்துவிட்டது. குழந்தைக்கு விளையாட்டுக் கட்டைகள் கிடைத்தாற்போல நமக்கு இன்று தலைகள் கிடைத்திருக்கின்றன.

கிடைத்திருப்பதை எல்லாம் பயன்படுத்தியே தீரவேண்டுமா? இதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் போன்ற சிறிய அமைப்புகளின் இணையதளத்துக்கு எளிய தலையே ஏற்றது. அதில் மாற்றியமைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தமிழுக்கான இடம். ஏன் என்பதை இனிக் கூறுகிறேன்.

யாருக்காக இந்தத் தலை?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதில் பெருமை இருக்கிறது. பெருமையோடு ஒரு வேலையும் சேர்ந்து வந்திருக்கிறது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் கைபேசியில் எந்த விண்ணப்பம் போட வேண்டியிருந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, எல்லாம் அதில் அடக்கம். "தம்பி, இது கவருமெண்டு தானாப்பா, இல்ல ஏமாத்துக்காரன் எவனுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கைபேசியை நீட்டுவார்கள்.

இந்தக் கேள்வியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் 'பார்க்க அழகாக இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. 'புதுமையாக இருக்கிறதா?' என்றும் கேட்கவில்லை. 'இது யாருடைய இடம்?' என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது தலைப்பகுதி. யாருடைய இடம், எனக்கு வேண்டியது எங்கே இருக்கிறது, என் மொழியில் படிக்க எதை அழுத்துவது, இந்த மூன்றையும் மூன்று நொடியில் சொல்லிவிட்டால் அது நல்ல தலை. சொல்லவில்லை என்றால் எத்தனை வண்ணம் பூசினாலும் அது வெறும் பூச்சே.

சென்ற ஆண்டு நடந்தது ஒன்று. எங்கள் தெரு அக்கா ஒருவர் தம் தம்பிக்காக ஒரு நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேலே பெரியதொரு படம். விழாவில் விளக்கேற்றுகிறார்கள், அது நழுவியதும் மாலை போடுகிறார்கள், அதுவும் நழுவியதும் கேடயம் கொடுக்கிறார்கள். கைபேசித் திரை முழுவதும் விழாவாகவே இருந்தது. அறிவிப்புகள் கீழே இருந்தன. கீழே தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. "ஒண்ணும் போடலை தம்பி, வெறும் போட்டோதான் இருக்கு" என்று என்னிடம் சொன்னபோது கடைசி நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தத் தம்பி அவ்வாண்டு உதவித்தொகை இல்லாமலே படித்தான்.

இது அக்காவின் அறியாமை என்று சிலர் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை குறைந்த கைபேசி ஒன்றின் திரை, இணையப் பக்கத்தின் அளவையில் 360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் என்று கொள்வோம். பெயர்ப்பட்டைக்கு 100, மெனுவுக்கு 50, நழுவும் படத்துக்கு 250 என்று வைத்தால் 400 பிக்சல் தலைக்கே போய்விட்டது. எஞ்சியது 240. எண்சாண் உடம்பில் ஐந்து சாண் தலையாக இருந்தால் அந்த உடம்பு நடக்குமா? கல்லூரியின் பெரிய கணினித் திரையில் பார்த்து வடிவமைக்கும் நமக்கு இந்த வீக்கம் தெரிவதில்லை. சிறிய திரையில் பார்ப்பவருக்குத்தான் தெரிகிறது. தளத்தைத் தேடி வருபவரில் பெரும்பாலார் அவர்களே.

பாக்கெட்டில் ஒட்டும் சீட்டு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர் என்பது யாவரும் அறிந்ததே. என் தாயார் அத்தகைய பட்டறை ஒன்றில் பாக்கெட் போடும் வேலை செய்கிறார். பாக்கெட்டின் மேல் ஒட்டும் சீட்டில் என்ன இருக்கும்? பொருளின் பெயர், அகலம், நீளம், தயாரித்த மாதம், தயாரித்தவர் பெயர். அவ்வளவே. பூவும் கொடியும் வரைய இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டை அவசரத்தில் பிரிப்பவர் ஒரு செவிலியர். அவருக்கு வேண்டியது அகலமும் நீளமும். சீட்டு கோணலாக ஒட்டப்பட்டு அளவு மறைந்துவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள் என்று என் தாயார் சொல்வதுண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற அவருக்குத் தெரிந்திருக்கும் இந்த நெறி, பட்டம் பெறப் போகும் நமக்குத் தெரிய வேண்டாமா?

எழுத்தா, படமா?

மாற்றியமைக்கத்தக்க தலை கையில் கிடைத்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, நிறுவனத்தின் பெயரை அழகிய எழுத்தில் ஒரு படமாகச் செய்து மேலே ஒட்டுவது. இதில் உள்ள இழப்பை நம் ஊர்ப் பெயரைக் கொண்டே காட்ட முடியும்.

'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று கண்ணுக்கு எட்டு எழுத்தாகத் தோன்றும் பெயர், யூனிகோடு முறையில் 18 குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக மொத்தம் 54 பைட்டு. அதே பெயரைப் படமாக்கி அந்தப் படம் 200 கிலோபைட்டு என்றால், எழுத்தைவிட ஏறத்தாழ 3,800 மடங்கு பாரத்தை ஒவ்வொரு வாசகனின் கைபேசியிலும் நாம் ஏற்றுகிறோம். மலையடிவாரத்துச் சிற்றூரில் ஒற்றைக் கோட்டுச் சமிக்ஞையில் காத்திருக்கும் மாணவனுக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும்.

பாரம் மட்டுமா? படத்திலுள்ள பெயரைத் தேடுபொறி எழுத்தைப் படிப்பதுபோல் நம்பிப் படிக்க இயலாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பு மென்பொருள் படத்தின் முன் ஊமையாகிவிடும்; படத்துக்கு மாற்று வாசகம் எழுதி வைத்திருந்தால் மட்டுமே அது பேசும். பலர் எழுதுவதில்லை. இணையப் பக்கங்களை எல்லாரும் அணுகத்தக்கதாக்க உலகளாவிய நெறிகள் உள்ளன. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தென்றால் இது தானாகவே நிறைவேறும். விழாப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தைப் பொறித்தாலோ, ஒருவருடைய வெள்ளை வேட்டியின் மேல் விழுந்த எழுத்து காணாமற் போய்விடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம். 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பின்னது 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட எழுத்து. திரையில் இரண்டு 'ஸ்ரீ'யும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். கணினிக்கோ அவை வேறு வேறு. ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் மறு பக்கத்தில் வேறு விதமாகவும் ஊர்ப் பெயரை எழுதினால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது அகப்படாமல் போகலாம். எளிய தலையில் பெயரை ஒரே ஒருமுறை, ஒரே விதமாக எழுதி வைத்தால் அது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாகிவிடும். பக்கத்துக்கொரு தலை என்றால் பக்கத்துக்கொரு பிழையும் வரும்.

நம் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். அந்தக் குறியீட்டின் மதிப்பு முழுவதும் ஒரு பெயரில்தான் இருக்கிறது. இன்ன ஊரின் பொருள் இது என்னும் பெயரில். வெளியூரிலிருந்து வாங்குபவர் அந்தப் பெயரைத் தட்டித்தான் தேடுவார். தளத்தின் தலையிலே பெயர் எழுத்தாக இல்லாமல் படமாக மட்டும் இருந்தால், கடை திறந்திருந்தும் பலகையைத் திருப்பி மாட்டியதற்கு ஒப்பாகும்.

அரசும் அயலாரும் செய்தது

இது மாணவன் ஒருவனின் கற்பனை என்று எவரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் அரசு இணையதளங்கள் உள்ளன. நம் விருதுநகர் மாவட்டத் தளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு வேறொரு மாவட்டத் தளத்தைத் திறந்து பாருங்கள். தலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சின்னம், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாவட்டத்தின் பெயர், எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான், மொழி மாற்றும் வசதி. 1976-ல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'எஸ்-த்ரீ-வாஸ்' என்னும் பொது அமைப்பில் இவை இயங்குகின்றன. பாதுகாப்பு, விரிவாக்கம், எளிதில் அணுகும் தன்மை ஆகிய மூன்றையும் குறிக்கும் பெயர் அது. இவற்றுக்கு முன்பே 2009-ல் இந்திய அரசு இணையதளங்களுக்கென வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டு, 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டன. மாவட்டங்கள் தத்தம் சிறப்பைத் தலையில் காட்டவில்லை. தலைக்குக் கீழே காட்டுகின்றன. ஒரு மாவட்டத் தளத்தில் பழகியவருக்கு அடுத்த மாவட்டத் தளத்தில் வழி கேட்க வேண்டிய தேவை இல்லை.

பிரிட்டனிலும் இதையே செய்தார்கள். அரசுத் துறைகளின் தளங்கள் தனித்தனித் தலைகளோடு இருந்ததை மாற்றி, 2012 அக்டோபரில் ஒரே பொதுத் தளத்தைக் கொண்டு வந்தார்கள். கறுப்புப் பட்டை, அதில் மகுடச் சின்னம், தளத்தின் பெயர், அவ்வளவே அன்றைய தலை. அலங்காரம் இல்லாத அந்தத் தளத்துக்கே லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013-ல் அவ்வாண்டின் சிறந்த வடிவமைப்பு என்னும் விருதை அளித்தது. எளிமைக்கு அழகில்லை என்பார்க்கு இது தக்க விடை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. அரசு ஆணைகளின் தலையில் இருக்கும் தமிழ்நாட்டுச் சின்னத்தை நோக்குங்கள். 1949-ல் உருவான அச்சின்னத்தின் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்பாரும் உண்டு. அதே 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற பூ. ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்தைச் சேர்ந்தவர். அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் வந்தன, போயின. 1969 சனவரி 14-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்றாயிற்று. தலையில் பெயர் மாறியது, கோபுரம் மாறவில்லை. ஆண்டுக்கொரு சின்னம் என்று மாற்றியிருந்தால், கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த என் பாட்டி ஒரு காகிதத்தைப் பார்த்தவுடன் "இது கவருமெண்டுக் காயிதம்" என்று சொல்ல முடிந்திருக்குமா? மாறாத தலைக்குத்தான் மக்கள் மனத்தில் மதிப்பு உண்டாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். தலையை எவரும் நகல் எடுக்கலாம். அரசுச் சின்னத்தை ஒட்டி ஏமாற்றும் போலித் தளங்களும் உண்டு. ஆகவே தலையைப் பார்ப்பதோடு நில்லாமல், அதற்கும் மேலே உள்ள முகவரி வரியில் 'கவ்.இன்' என்றோ 'நிக்.இன்' என்றோ முடிகிறதா என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். எங்கள் தெருவில் கைபேசியை நீட்டுவோர்க்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுவே.

மறுப்புக்கு மறுப்பு

எதிர்க்கட்சி நண்பர்களின் வாதங்களையும் புறக்கணித்தல் ஆகாது. "எல்லாத் தலையும் ஒன்றானால் தனித்தன்மை எங்கே?" என்று கேட்கிறார்கள். ஆண்டாள் கோயில் தேர் அலங்காரம் இல்லாமல் ஓடுமா என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. தேர் ஓடுவது ஆடிப்பூரத்தில். இணையதளம் ஓட வேண்டியது நாள்தோறும். தேரைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. தளத்துக்கு வருபவரோ உதவித்தொகை அறிவிப்பைப் பார்க்க வருகிறார். விழாவின் அழகை விழாவுக்கான பக்கத்தில் தாராளமாகக் காட்டுவோம். தலையில் ஏன்?

"மாற்றியமைத்துப் பார்த்தால்தானே கற்றுக்கொள்ள முடியும்?" என்பது இரண்டாவது வாதம். இதில் நியாயம் உண்டு. நானும் ஆய்வுக்கூடத்தில் பத்து விதமாகத் தலை கட்டிப் பார்த்தவன்தான். ஆனால் கற்றுக்கொள்ளும் இடம் ஆய்வுக்கூடம். பிறர் நம்பி வரும் தளத்தில் நாம் கை பழகலாமா?

மூன்றாவதாக நான் ஒன்று கேட்கிறேன். நாம் இங்கே இருப்பது மூன்றே ஆண்டுகள். இன்று ஒரு நண்பர் இரவு பகலாக உழைத்து, பல நீட்சி மென்பொருள்களைச் சேர்த்து அற்புதமான தலை ஒன்றைக் கட்டிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அதனைப் பார்ப்பவர் யார்? அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பு வந்து மெனு உடைந்துபோனால் சரிசெய்பவர் யார்? புதுப்பிக்கப்படாத நீட்சி மென்பொருள் திருடனுக்குத் திறந்து வைத்த கொல்லைக் கதவு என்று நம் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே! எளிய தலையை அடுத்த ஆண்டு வரும் முதலாண்டு மாணவரும் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்வார். மாற்றியமைக்கும் உரிமை கட்டுபவனுக்கு மகிழ்ச்சி. பராமரிப்பவனுக்கோ அது கடன்.

தமிழுக்கு இடம் வேண்டும்

நிற்க. எளிய தலையே சிறந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு கூறவில்லை. அதில் ஒரு பெருங்குறை உண்டு. நமக்குக் கிடைக்கும் ஆயத்த வார்ப்புகளில் மிகப் பலவும் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. 'ஹோம்', 'அபவுட்', 'காண்டாக்ட்' என்று நறுக்கிய சொற்களுக்கு அளவெடுத்த மெனு, 'முகப்பு', 'எங்களைப் பற்றி', 'தொடர்புக்கு', 'மாணவர் சேர்க்கை' என்று வந்தவுடன் இரண்டாம் வரிக்கு மடிகிறது. உயரம் இறுக்கமாக இருந்தால் 'ஸ்ரீ'யின் மேற்சுழியும் 'தூ'வின் கீழ்ச்சுழியும் வெட்டுப்படுகின்றன. கம்பீரமாகத் தோன்ற ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்துகளில் மாற்றிக்கொள்ளும் வசதி அங்கே உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை.

இத்தகைய தலையை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன நேரும்? தமிழ் பொருந்தவில்லை என்று தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்துவிடுவார்கள். பல தளங்களில் இதைக் கண்கூடாகக் காண்கிறோம். தொப்பி சிறியது என்று தலையைச் சீவலாமா? தொப்பியைத்தான் பெரிதாகத் தைக்க வேண்டும். ஆகவே தலையின் உயரம், வரி இடைவெளி, எழுத்தின் அளவு, மெனுவின் அகலம் ஆகியவற்றைத் தமிழுக்கு ஏற்ப மாற்றுவதற்கு மட்டும் உரிமை வேண்டும். இந்த மாற்றம் அலங்காரம் ஆகாது. வாசலின் உயரத்தை வருபவரின் உயரத்துக்கு ஏற்ப வைப்பது ஆகும்.

மொழி மாற்றும் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் வேண்டுவோர் அழுத்த வேண்டிய பொத்தானில் 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பது என்ன நியாயம்? ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பொத்தான் தேவையில்லை. தெரியாதவருக்கு அது பயன்படுவதில்லை. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. எழுத்துரு இல்லை, எழுத முடியாது என்ற பழைய சாக்குகளுக்கு இன்று இடமில்லை.

மன்றத்துக்கு என் வேண்டுகோள்

எனவே எங்கள் துறை மன்றத்துக்கு நான் முன்வைப்பது இதுவே. தலையில் மன்றத்தின் பெயரும் கல்லூரியின் பெயரும் தமிழில், படமாக அன்றி எழுத்தாகவே இருக்கட்டும். பக்கத்தில் சிறிய சின்னம். அதனை அழுத்தினால் எங்கிருந்தாலும் முகப்புக்குத் திரும்பலாம். மெனுவில் ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். அவற்றுள் முதலாவது 'அறிவிப்புகள்'. மொழிப் பொத்தானில் 'தமிழ்' என்பது தமிழிலேயே இருக்கட்டும். தலையின் மொத்த உயரம் சிறிய கைபேசித் திரையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நழுவும் படம் தலையில் வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மன்றக் கூட்டத்தில் பேசி, குறிப்பேட்டில் பதிந்து, தேவையானால் மட்டுமே தலையை மாற்ற வேண்டும்.

திறப்பதற்கு முன் ஒரு தேர்வும் வைக்க வேண்டும். கணினி அறிவியல் படித்தவர் அத்தேர்வாளராக இருக்கக் கூடாது. நம் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வரும் தந்தை ஒருவர், விடுதிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் ஆகிய மூவரிடமும் விலை குறைந்த கைபேசியைக் கொடுத்து, 'உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது?' என்று கேட்போம். மூவரும் பிறர் உதவியின்றிக் கண்டுபிடித்துவிட்டால் நம் தலை தேறிவிட்டது. ஒருவர் திணறினாலும் தோற்றது அவரல்லர், நாமே.

மாணவ நண்பர்களே! நம்மில் பலரும் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நமக்குக் கணினி கைவந்துவிட்டது. நம்மை அனுப்பியவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. நாம் கற்ற கல்வியைக் கொண்டு அவர்களை மிரள வைக்கும் வாசல்களையும் கட்டலாம். தடையின்றி உள்ளே நுழையும் வாசல்களையும் கட்டலாம். முதலாவது நம் திறமையைக் காட்டும். இரண்டாவதோ நாம் யாருக்காகப் படித்தோம் என்பதைக் காட்டும். நான் இரண்டாவதற்கே வாக்களிக்கிறேன்.